வேப்பிலையும் வெள்ளை மருந்தும்



வேலை முடிந்து, குளித்து, அடுப்பில் உலை கொதிக்கும் இந்த நேரத்தில் நோயைப் பற்றிப் பேச வருவது முறையா என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் நாம் இன்று பேசப்போகும் நோய், இதற்குப் பிறகுதான் தன் வேலையைத் தொடங்குகிறது. விளக்கை அணைத்துப் பிள்ளைகள் பாயில் படுத்ததும் அரிப்பு எடுக்கும். விரல் இடுக்கு, மணிக்கட்டு, அக்குள், இடுப்பு, தொப்புளைச் சுற்றிய இடம் என்று பிள்ளை சொறிந்துகொண்டே இருக்கும். பிள்ளை உறங்காவிட்டால் தாய்க்கு ஏது உறக்கம்? சொறி என்றும் சிரங்கு என்றும் நாம் சொல்லும் இந்நோயை மலாய்க்காரர்கள் குடிஸ் என்கிறார்கள். இதற்கு மருந்து தேடி மனிதன் மரம் செடி கொடிகளைச் சோதித்துப் பார்த்த வரலாறே இன்றைய பேச்சு.

முதலில் எங்கள் பள்ளியில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். நாம் பயிற்சிக் கல்லூரியை விட்டு ஆசிரியப் பணிக்கு வந்த புதிது. மூன்றாம் ஆண்டில் ஒரு பையன். படிப்பில் கெட்டிக்காரன். ஒரு மாதமாக அவன் கையிலிருந்து எழுதுகோல் நழுவிக்கொண்டே இருந்தது. விரல் இடுக்குகளில் கொப்புளம். சொறிந்து சொறிந்து புண். மற்றப் பிள்ளைகளுக்கு ஒட்டிவிடக் கூடாதே என்று நாங்கள் அவனைக் கடைசியில் ஒரு தனிப் பலகையில் உட்கார வைத்தோம். "குளிச்சிட்டு வரணும்டா தம்பி" என்றும் சொன்னோம். அவன் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் முதல் அவன் பள்ளிக்கு வரவில்லை.

தேடிக்கொண்டு லயத்துக்குப் போனோம். அங்கே அவனுடைய பாட்டி வேப்பங்கொழுந்தையும் மஞ்சளையும் அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தார். "டிரசர் ஐயா குடுத்த வெள்ளை மருந்து பிள்ளைக்கு எரியுதுங்க சார். எங்க அம்மா காலத்திலேருந்து இதுதான் பூசுறோம்" என்றார். பிறகு தோட்ட மருந்தகத்தில் டிரசரைக் கண்டோம். "இலையை அரைச்சுப் பூசினா தோலுக்குள்ளே இருக்கிற பூச்சி சாகுமா சார்? நீங்களாவது அவங்களுக்கு எடுத்துச் சொல்லுங்க" என்றார் அவர். பாட்டி சொல்வது சரியா, டிரசர் சொல்வது சரியா? அன்று நமக்கு விடை தெரியவில்லை. பல ஆண்டுகள் படித்த பிறகு தெரிந்ததை இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்கிறோம்.

நோயின் மூலத்தை முதலில் பார்ப்போம். சிரங்குக்குக் காரணம் ஓர் உயிர். பூச்சி என்று பேச்சு வழக்கில் சொன்னாலும் அது சிலந்தி இனத்தைச் சேர்ந்தது. வளர்ந்ததற்கு எட்டுக் கால்கள் உண்டு. பெண் பூச்சியின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான். நல்ல கண்ணுக்கு ஒரு புள்ளியாகத் தெரிந்தால் பெரிது. அந்தப் பெண் பூச்சி மேல்தோலுக்குள் வளை தோண்டிக்கொண்டே போகும். போகிற வழியில் நாளுக்கு இரண்டு மூன்று முட்டைகள் இடும். மூன்று நான்கு நாட்களில் முட்டை பொரியும். இரண்டு வாரத்திற்குள் குஞ்சு வளர்ந்து அடுத்த தலைமுறைக்குத் தயாராகிவிடும்.

இதில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. முதன்முறையாகப் பூச்சி ஏறியவருக்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை அரிப்பே தெரியாது. உடம்பு அந்தப் பூச்சியை அடையாளம் கண்டு வெறுக்கத் தொடங்கிய பின்னர்தான் அரிக்கும். அதற்குள் அவர் தம்மை அறியாமலே வீட்டில் உள்ள எல்லாருக்கும் கொடுத்திருப்பார். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மருந்தைச் சோதிப்பதில் ஏற்பட்ட குழப்பங்கள் பலவற்றுக்கு இதுவே வேர்.

இப்போது இத்தாலி நாட்டுக்குப் போவோம். அங்கே லிவோர்னோ என்று ஒரு துறைமுகப் பட்டினம். 1687-ஆம் ஆண்டில் அங்கே பொனோமோ என்னும் மருத்துவரும் செஸ்தோனி என்னும் மருந்துக்கடைக்காரரும் சேர்ந்து ஒரு காரியம் செய்தார்கள். ஏழைத் தாய்மார்கள் சிரங்கு பிடித்த தம் பிள்ளைகளின் தோலிலிருந்து ஊசி முனையால் எதையோ எடுத்து நசுக்குவதை அவர்கள் கவனித்திருந்தார்கள். அந்தப் பட்டினத்திலிருந்த அடிமைகளும் ஒருவருக்கொருவர் அப்படியே செய்தார்கள். இது என்னவாக இருக்கும் என்று இருவரும் அதை வாங்கி உருப்பெருக்கிக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தார்கள். சின்னஞ்சிறு ஆமையைப் போல ஓர் உயிர் நகர்ந்தது. அது முட்டையிட்டதையும் கண்டார்கள்.

பொனோமோ இதை ரேடி என்னும் புகழ்பெற்ற அறிஞருக்குக் கடிதமாக எழுதினார். சிரங்குக்குக் காரணம் இந்த உயிரே. ஆகவே உள்ளுக்குக் கொடுக்கும் மருந்தால் பயனில்லை, மேலுக்குத்தான் பூச வேண்டும் என்றார். ஆனால் அக்காலத்துப் பெரிய மருத்துவர்கள் இதை ஏற்கவில்லை. கெட்ட இரத்தமும் உடம்பின் நீர்களும் கெடுவதால்தான் சிரங்கு வருகிறது என்று அவர்களுடைய நூல்கள் சொல்லின. அவர்களும் பேதி மருந்து கொடுப்பதையும் இரத்தம் இறக்குவதையும் தொடர்ந்தார்கள்.

இப்படியே ஒன்றரை நூற்றாண்டு ஓடியது. பாரிஸ் நகரத்தில் 1812-இல் காலே என்பவர் சிரங்குப் பூச்சியைக் கண்டுவிட்டதாகச் சொல்லிப் படமும் வரைந்து காட்டினார். அது பாலாடைக் கட்டியில் வாழும் வேறொரு பூச்சி என்று 1829-இல் வெளிப்பட்டு விட்டது. சிரங்குப் பூச்சி என்று ஒன்று இல்லவே இல்லை என்று பலர் முடிவு கட்டினார்கள். 1834-இல் கோர்சிக்கா தீவிலிருந்து வந்த ரெனூச்சி என்னும் மருத்துவ மாணவர், பாரிசின் செயிண்ட் லூயி மருத்துவமனையில் எல்லார் முன்னிலையிலும் ஒரு நோயாளியின் தோலிலிருந்து பூச்சியை ஊசி முனையில் எடுத்துக் காட்டினார். இந்த வித்தை அவருக்கு எப்படித் தெரிந்தது? தம் ஊரின் ஏழைப் பெண்கள் செய்ததைச் சிறு வயதில் பார்த்திருந்தார், அவ்வளவுதான்.

நேயர்களே, படித்தவர்கள் காணத் தவறியதைப் படிக்காத தாய்மாரின் கை அறிந்திருந்தது. ஆகவே பாட்டியின் கைவைத்தியத்தைக் கேட்டவுடன் சிரிப்பது அறிவுடைமை ஆகாது. அதே சமயம், ஊசியால் எடுத்த அந்தத் தாய்மாரின் பிள்ளைகளுக்குச் சிரங்கு முற்றாகத் தீர்ந்ததா? எடுத்தது போக முட்டைகள் உள்ளே இருந்தன. கை அறிவு வழியைக் காட்டும். வழி எதுவரை போகிறது என்பதைச் சோதனைதான் சொல்ல வேண்டும்.

இனி மருந்துக்கு வருவோம். மிகப் பழைய மருந்து கந்தகம். அது மண்ணிலிருந்து வருவது. மரத்திலிருந்து வந்த மருந்துகளில் வரலாறு படைத்தது பெரு பால்சம் எனப்படும் பிசின். பெயரைப் பார்த்து அது பெரு நாட்டுப் பொருள் என்று நினைக்க வேண்டாம். அந்த மரம் மத்திய அமெரிக்காவின் எல் சால்வடோரில் வளர்வது. பெரு நாட்டுத் துறைமுகத்தின் வழியாகக் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போனதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மரத்தின் பட்டையைக் காயப்படுத்தி வடியும் கருநிறப் பிசினை எடுப்பார்கள். பால் மரத்தைச் சீவிப் பால் எடுக்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தப் பிசினை ஐரோப்பியர்கள் 19-ஆம் நூற்றாண்டில் சிரங்குக்குப் பூசினார்கள், குணம் தெரிந்தது.

குணம் தெரிந்ததும் வேதியியலார் ஒரு கேள்வி கேட்டார்கள். அந்தப் பிசினில் பல பொருள்கள் கலந்திருக்கின்றனவே, அவற்றுள் பூச்சியைக் கொல்வது எது? பிரித்துப் பார்த்தபோது பென்சைல் பென்சோவேட் என்னும் பொருள் அதில் மிகுதியாக இருந்தது. அதை ஆய்வுக்கூடத்திலேயே மலிவாகச் செய்யவும் முடிந்தது. டென்மார்க்கின் கோப்பன்ஹேகன் நகரைச் சேர்ந்த கிஸ்மையர் என்னும் மருத்துவர் அதைப் பூசிச் சிரங்கை விரைவில் ஆற்றலாம் என்று 1937-இல் எழுதினார். இன்று வெள்ளைவெளேர் என்று புட்டியில் வருகிறதே, டிரசர் கொடுத்தாரே, பிள்ளைக்கு எரிகிறது என்று பாட்டி முறையிட்டாரே, அந்த மருந்து இதுதான்! பாட்டியின் அம்மியில் அரைபட்டது ஒரு மரத்தின் இலை. டிரசரின் புட்டியில் இருந்தது வேறொரு மரத்தின் பிசினிலிருந்து பிறந்த மருந்து. இரண்டும் ஒரே குலம்தான். ஒன்று பல சோதனைகளைத் தாண்டி வந்தது, மற்றொன்று அவ்வளவு தூரம் வரவில்லை என்பதே வேற்றுமை.

சோதனை என்றால் என்ன? அதற்கு இரண்டாம் உலகப் போர்க்கால இங்கிலாந்தை எடுத்துக்கொள்ளலாம். படைவீரர்களிடையே சிரங்கு பரவிக்கிடந்தது. போர்வையிலும் உள்ளாடையிலும் பூச்சி இருக்கிறது என்று நம்பி, அவற்றை மூட்டை மூட்டையாக வெப்பமூட்டிச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். கென்னத் மெல்லன்பி என்னும் ஆய்வாளர், அந்த நம்பிக்கை சரிதானா என்று பார்க்க விரும்பினார். போரில் ஆயுதம் எடுக்க மனச்சாட்சி இடந்தராத இளைஞர்கள் சிலர், மனித குலத்திற்கு வேறு வகையில் உதவுகிறோம் என்று தாமாக முன்வந்தார்கள். ஷெஃபீல்டு நகரில் ஒரு வீட்டில் அவர்களைத் தங்கவைத்து 1941-இல் சோதனை தொடங்கியது.

சிரங்கு பிடித்த வீரர்கள் பயன்படுத்திய போர்வைகளைத் துவைக்காமலே அந்த இளைஞர்கள் போர்த்திப் படுத்தார்கள், உள்ளாடைகளையும் உடுத்தினார்கள். இப்படி 63 முறை செய்தும் இரண்டு பேருக்குத்தான் சிரங்கு வந்தது. நோயாளியுடன் ஒரே படுக்கையில் உடம்போடு உடம்பு ஒட்டிப் படுத்தவர்களுக்கு வந்தது. சிரங்கு பரவுவது பெரும்பாலும் தோலும் தோலும் நெடுநேரம் ஒட்டியிருப்பதால் என்று உறுதியாயிற்று. ஒரு நோயாளியின் உடம்பில் சராசரியாகப் பதினொரு பெண் பூச்சிகளே இருக்கின்றன என்பதையும் அவர் எண்ணிக் காட்டினார். மேலெல்லாம் அரிக்கிறதே, ஆயிரம் பூச்சி இருக்கும் என்று நினைத்தோம். பதினொன்றுதான்!

இதைப் படித்த அன்று நமக்குத் தலை குனிந்தது. "குளிச்சிட்டு வரணும்டா" என்று அந்தப் பையனிடம் சொன்னோமே! நாள்தோறும் இருமுறை குளிப்பவனையும் சிரங்கு பிடிக்கும். குறுகிய அறையில் ஒரே பாயில் நான்கு பிள்ளைகள் நெருங்கிப் படுத்தால் போதும். அவன் குற்றம் அழுக்கன்று; இடமின்மை. அது அவனுடைய குற்றமே அன்று.

நம் மண்ணிலும் ஒரு கொடி உண்டு. மலாய்க்காரர்கள் அதைத் தூபா என்பார்கள். அதன் வேரை நசுக்கி ஆற்றில் கலந்தால் மீன்கள் மயங்கி மிதக்கும். சீனத் தோட்டக்காரர்கள் அந்த வேர்ச்சாற்றைக் காய்கறிச் செடிகளில் தெளித்துப் பூச்சியை ஒழித்தார்கள். அவர்கள் செய்ததைப் பார்த்து, சாதிக்காய்த் தோட்டங்களுக்கும் இதைப் பயன்படுத்தலாம் என்று சிங்கப்பூரிலிருந்த ஆக்ஸ்லி என்னும் மருத்துவர் 1848-இல் எழுதினார். பிற்காலத்தில் மலாயாவில் இளம் ரப்பர் மரங்களுக்கு இடையே ஊடுபயிராகவும் தூபா நடப்பட்டது. அதன் வேரில் உள்ள நஞ்சின் பெயர் ரோட்டினோன். செடிப்பூச்சியைக் கொல்வது சிரங்குப் பூச்சியையும் கொல்லாதா என்று அதையும் தோலில் பூசிச் சோதித்தார்கள். பூச்சியைக் கொன்றது உண்மை. ஆனால் தோலைப் புண்ணாக்குவதும் உண்டு. உயிரணு மூச்சுவிடும் வழியையே அடைத்துக் கொல்வது அந்த நஞ்சு. பூச்சிக்கும் மீனுக்கும் மனிதனுக்கும் அந்த வழி ஒன்றுதான். 2000-ஆம் ஆண்டில் எலிகளுக்கு அதைத் தொடர்ந்து செலுத்திப் பார்த்தபோது, கை கால் நடுங்கும் பார்க்கின்சன் நோயைப் போன்ற கேடு மூளையில் உண்டாயிற்று. பச்சை வேரிலிருந்து வந்ததால் ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது என்பதற்குத் தூபாவே சாட்சி.

இதற்கு மாறான கதை சாமந்திக் குலத்து வெள்ளைப் பூ ஒன்றினுடையது. பைரேத்ரம் என்னும் அந்தப் பூவின் பொடி பூச்சிகளை உடனே வீழ்த்தும். கொசுவர்த்திச் சுருள் முதலில் அதைக்கொண்டே செய்யப்பட்டது. ஆனால் வெயில் பட்டால் அதன் வலிமை விரைவில் போய்விடும். அந்தப் பூவில் உள்ள பொருளின் அமைப்பைப் பார்த்து, வெயிலைத் தாங்கும்படி அதைத் திருத்தி அமைத்தார்கள் இங்கிலாந்தின் ரோதாம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த மைக்கேல் எலியட்டும் அவருடைய குழுவினரும். 1973-இல் வெளிவந்த அந்தப் பொருளே பெர்மெத்ரின். இன்று சிரங்குக்குப் பல நாடுகளில் முதல் மருந்தாகக் கொடுக்கும் களிம்பு அது. பூ வழி காட்டியது. சோதனை அதைச் செப்பனிட்டது.

இப்போது நீங்கள் காத்திருக்கும் இடத்திற்கு வருவோம். வேப்பிலையும் மஞ்சளும் என்னவாயின?

அவற்றையும் சோதித்தார்கள். சித்த, ஆயுர்வேத முறைகளில் வழங்கிவரும் வேப்பிலை மஞ்சள் அரைப்பை 814 சிரங்கு நோயாளிகளுக்குப் பூசிப் பார்த்த இந்திய ஆய்வு ஒன்று 1992-இல் வெளிவந்தது. 3 முதல் 15 நாட்களுக்குள் 100-க்கு 97 பேர் குணமடைந்தார்கள் என்றும் தீங்கு ஒன்றும் காணப்படவில்லை என்றும் அது கூறியது. பாட்டி கேட்டிருந்தால் எவ்வளவு மகிழ்ந்திருப்பார்!

ஆயினும் கொஞ்சம் பொறுங்கள். ஆய்வாளர்களே அதை முன்னோட்ட ஆய்வு என்றுதான் சொன்னார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேறு மருந்து பூசிய மற்றொரு கூட்டம் அதில் இல்லை. அது ஏன் வேண்டும்? உங்கள் தொழிலிலிருந்தே ஓர் உவமை சொல்கிறோம். ஒரு நிரைக்குப் புதிய உரம் போட்டீர்கள், பால் கூடியது. உரத்தால் கூடியதா, அந்த மாதம் பெய்த மழையால் கூடியதா? பக்கத்து நிரையை உரம் போடாமல் விட்டு, இரண்டின் பாலையும் அளந்து பார்த்தால்தானே தெரியும்? மருந்தும் அப்படியே. அரைப்பைப் பூசும் வீட்டில் துணியையும் துவைப்பார்கள், நகத்தையும் வெட்டுவார்கள், பிள்ளையைத் தனியே படுக்க வைப்பார்கள். ஆறியது எதனால்? வந்தது சிரங்குதானா, வேறு தோல் நோயா? பதினைந்தாம் நாள் ஆறிய தோல், மிச்ச முட்டை பொரித்து முப்பதாம் நாள் மறுபடி அரித்ததா?

அதனால்தான் முறையான சோதனையில் நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவது போல இரண்டு கூட்டமாகப் பிரிப்பார்கள். ஒரு கூட்டத்திற்குப் புதிய மருந்து, மற்றதற்கு ஏற்கெனவே தெரிந்த மருந்து. யாருக்கு எது பூசப்பட்டது என்று அறியாத ஒருவர் வாரக்கணக்கில் தொடர்ந்து தோலைப் பார்த்துக் குறிப்பார். ஆகவே 97 என்ற எண் பொய் என்று நாம் சொல்லவில்லை. அது நம்பிக்கை தரும் தொடக்கம். முடிவான தீர்ப்பு அன்று.

வேம்பின் உள்ளே என்ன இருக்கிறது என்றும் ஆராய்ந்தார்கள். பூச்சிகளின் வளர்ச்சியைக் குலைக்கும் அசாடிராக்டின் என்னும் பொருளை 1968-இல் வேப்பங்கொட்டையிலிருந்து பிரித்தார்கள். சீனாவின் சிச்சுவான் பகுதியிலுள்ள ஆய்வாளர்கள், முயலுக்கு வரும் சிரங்குப் பூச்சியின் மீது வேப்ப எண்ணெயின் பகுதிகளைத் தனித்தனியே சோதித்து, அவை பூச்சியைக் கொல்வதைக் கண்டார்கள்.

நம் சமையலறைக் கிராம்பும் சோதனைக்கு வந்தது. பெர்மெத்ரினுக்குச் சிரங்குப் பூச்சி மெல்ல மெல்லப் பழகிவருகிறது என்ற அச்சம் எழுந்த காலம் அது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கிராம்பு எண்ணெய், சாதிக்காய் எண்ணெய் ஆகியவற்றைச் சிரங்குப் பூச்சியின் மீது சோதித்து 2010-இல் எழுதினார்கள். கிராம்பு எண்ணெய் வலிமையாக இருந்தது, சாதிக்காய் நடுத்தரம். கிராம்பில் உள்ள யூஜினால் என்னும் பொருள் ஒரு மணி நேரத்திற்குள் பூச்சியைக் கொன்றது. வெள்ளை மருந்துக்குச் சமமாக நின்றது. அதற்கு முன்னரே, 2004-இல், டார்வின் நகர ஆய்வாளர்கள் தேயிலை மர எண்ணெய் எனப்படும் ஆஸ்திரேலிய மரமொன்றின் எண்ணெய், கண்ணாடித் தட்டில் பெர்மெத்ரினைவிட விரைவாகப் பூச்சியைக் கொல்வதைக் காட்டியிருந்தார்கள். பெயரில் தேயிலை இருந்தாலும் அது நாம் குடிக்கும் தேயிலை இனம் அன்று.

கண்ணாடித் தட்டில் என்று சொன்னதைக் கவனித்தீர்களா? தட்டில் பூச்சிக்கு ஒளிய இடமில்லை. தோலிலோ வளைக்குள் பதுங்கியிருக்கிறது. எண்ணெய் அங்கே போய்ச் சேர வேண்டும். முட்டையையும் கொல்ல வேண்டும். பச்சைக் குழந்தையின் தோலைச் சுடாமலும் இருக்க வேண்டும். கிராம்பு எண்ணெயைக் கலக்காமல் பூசினால் தோல் வெந்துபோகும். தட்டில் வென்ற செடிகள் பல. அவற்றுள் தோலிலும் வென்று மருந்துப் புட்டிக்கு வந்து சேர்ந்தவை சிலவே.

தாய்மார்களே, அடுத்துச் சொல்வதைத் தயவுசெய்து ஊன்றிக் கேளுங்கள். வேம்பு நல்லதுதானே என்று வேப்ப எண்ணெயைக் குழந்தைக்கு உள்ளுக்குப் புகட்டும் வழக்கம் நம்மிடையே இருந்தது. சளிக்கும் வயிற்றுக்கும் கொடுப்பார்கள். அப்படிக் கொடுக்கப்பட்ட குழந்தைகள் சில மணி நேரத்தில் வாந்தி எடுத்து, மயங்கி, மூச்சு வாங்கி, வலிப்புக் கண்டு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். இது எங்கோ நடந்ததன்று. நம் மலேசியாவில், நம் இனத்துப் பிள்ளைகளுக்கு நடந்தது. கோலாலம்பூர் மருத்துவர்கள் இதை ஆராய்ந்து, ஈரலையும் மூளையையும் தாக்கும் நஞ்சாக வேப்ப எண்ணெய் குழந்தைகளுக்கு ஆகிறது என்று 1981-இல் உலகப் புகழ்பெற்ற லான்செட் மருத்துவ ஏட்டில் எச்சரித்தார்கள். மேலுக்குப் பூசும் இலை வேறு. உள்ளுக்குப் புகட்டும் எண்ணெய் வேறு. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். பச்சைக் குழந்தைக்கு வேப்ப எண்ணெயில் பாதுகாப்பான அளவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு துளியும் வேண்டாம்.

மருந்து எதுவாயினும் அதைத் தோற்கடிக்கும் ஒன்று உண்டு. அது வீட்டில் ஒருவருக்கு மட்டும் பூசுவது. பிஜித் தீவுகளில் 2012-ஆம் ஆண்டு ஒரு பெரிய சோதனை தொடங்கியது. ஜப்பானிய மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து பிறந்த ஐவர்மெக்டின் மாத்திரையை, நோய் உள்ளவர் இல்லாதவர் என்று பாராமல் ஊரார் எல்லாருக்கும் கொடுத்தார்கள். ஓராண்டில் 100-க்கு 32 பேரிடம் இருந்த சிரங்கு 2 பேரிடம் என்று இறங்கியது. நோய் கண்டவருக்கும் அவருடன் இருப்பவருக்கும் மட்டும் களிம்பு கொடுத்த இடத்தில் ஏறத்தாழப் பாதிதான் குறைந்தது. அந்த மாத்திரை சிறு குழந்தைக்கும் கருவுற்ற பெண்ணுக்கும் மருத்துவர் சொல்லாமல் கொடுக்கக் கூடாதது. ஆனால் எல்லாரும் ஒன்றாக மருந்து எடுக்க வேண்டும் என்னும் பாடம் எல்லா மருந்துக்கும் பொருந்தும். உலகில் எந்த நேரத்திலும் 20 கோடிப் பேருக்குச் சிரங்கு இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். கவனிப்பாரின்றி விடப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் உலகச் சுகாதார நிறுவனம் இதை 2017-இல்தான் சேர்த்தது.

அந்தப் பையனின் கதையை முடிக்க வேண்டும் அல்லவா? வெள்ளை மருந்து அவனுக்கு ஏன் பலிக்கவில்லை என்று டிரசரோடு உட்கார்ந்து விசாரித்தோம். எரிகிறது என்று கையில் மட்டும் பூசியிருக்கிறார்கள். ஒரே பாயில் படுக்கும் தம்பி தங்கைக்குப் பூசவில்லை. அவர்களுக்கு அப்போது அரிப்பே இல்லையே! இவனுக்கு ஆற ஆற, அவர்களிடமிருந்து திரும்ப வந்திருக்கிறது. டிரசர் மருந்தில் தண்ணீர் சேர்த்துச் சிறு பிள்ளைகளுக்கு ஏற்றபடி கலந்து கொடுத்தார். ஒரு சனிக்கிழமை இரவு வீட்டில் ஆறு பேருக்கும் கழுத்து முதல் உள்ளங்கால் வரை, விரல் இடுக்கு விடாமல் பூசினார்கள். மறுநாள் துணிகளையும் போர்வைகளையும் கொதிநீரில் அலசி வெயிலில் காயவைத்தார்கள். டிரசர் சொன்ன நாளில் மறுபடி ஒரு முறை பூசினார்கள். பூச்சி செத்த பின்னும் சில வாரம் அரிப்பு இருக்கும், பயந்துவிட வேண்டாம் என்றும் அவர் சொல்லி வைத்தார்.

பாட்டியின் அரைப்பை என்ன செய்வது என்று நாம் கேட்டோம். டிரசர் சிரித்தார். "குளிர்ச்சியா இருக்குன்னா மேலுக்குப் பூசட்டும் சார். ஆனா அதுக்காக மருந்தை நிறுத்தக் கூடாது, புண்ணு சீழ் வைச்சிருந்தா என்கிட்ட காட்டணும்" என்றார். பாட்டியிடம் அதைச் சொன்னபோது, இந்த வெள்ளை மருந்தும் ஒரு மரத்துப் பிசினிலிருந்து வந்ததுதான் என்று சொல்ல நமக்கு அன்று தெரியாது. தெரிந்திருந்தால், எரிச்சலைப் பொறுத்துக்கொண்டு அவர் இன்னும் முன்னதாகவே பூசியிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

மூன்றாவது வாரம் பையன் பள்ளிக்கு வந்தான். பழக்கத்தால் நேரே போய்க் கடைசிப் பலகையில் உட்கார்ந்தான். நாம் அவன் கையைப் பிடித்து அழைத்து வந்து முன்வரிசையில் அமர்த்தினோம். தோலைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று அஞ்சி ஒரு மாதமாக நாங்கள் யாரும் பிடிக்காத கை அது. ஒரு கணம் கைபட்டதால் சிரங்கு ஒட்டாது என்று அப்போது நமக்குத் தெரிந்திருக்கவில்லை. நீங்கள் இன்று தெரிந்துகொண்டீர்கள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு பிள்ளை சொறிந்துகொண்டு நின்றால், ஒதுக்கி வைக்காதீர்கள். வீட்டோடு மருந்தகத்துக்கு அழைத்துப் போங்கள்.